கடைசி அரைக் கிலோமீட்டருக்கு ஒரு வண்டி

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பட்டறை வைத்து, பழுது வண்டிகளோடு காலம் தள்ளுகிறவன் நான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஜிபிஎஸ் பார்த்து டப்பா தேடக் கிளம்பிவிடுவேன். ஜியோகேச்சிங் என்கிற அந்த விளையாட்டுக்கு, அதிலும் ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலைக்கு, எந்த வண்டி தோது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள்.

தெரியாதவர்களுக்காக விளையாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், அமெரிக்க அரசு ஜிபிஎஸ் சிக்னலில் தானே கலந்து வைத்திருந்த பிழையை நிறுத்தியது. அதுவரை நூறு மீட்டர் வரைகூடத் தள்ளிக் காட்டிய கருவி, திடீரென்று இடத்தை நெருக்கமாகக் காட்ட ஆரம்பித்தது. மே 3ஆம் தேதியே டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தில் ஒரு வாளியில் சில பொருள்களும் ஒரு நோட்டும் போட்டு மறைத்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் அறிவித்தார். தேடிக் கண்டுபிடி, நோட்டில் பெயர் எழுது, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வா. இவ்வளவுதான். இங்கே நாங்கள் நாலைந்து பேர் எங்களுக்குள்ளேயே டப்பா வைத்துத் தேடுவதும் உண்டு.

பட்டறைக்கு வருகிற பையன்கள் கேட்கிறார்கள்: "அண்ணே, இதுக்கு ஃபோர் வீல் டிரைவ் எடுத்தாத்தானே சரியா இருக்கும்?" நான் திருப்பிக் கேட்பேன்: "தம்பி, எடுத்துட்டுப் போய் எங்கே நிறுத்துவே?" பதில் வராது. டப்பா இருக்கிற இடம் வரை எந்த வண்டியும் போகாது. கடைசி அரைக் கிலோமீட்டர் கால்தான். அந்த அரைக் கிலோமீட்டர் தொடங்குகிற இடத்தில் எந்த வண்டியை யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் நிறுத்தி, பிறகு திருப்பி எடுக்க முடியுமோ, அதுதான் இதற்கு ஏற்ற வண்டி.

இதில் எண்கள் செய்கிற வேடிக்கை ஒன்று இருக்கிறது. இந்த விளையாட்டில் இடத்தைக் குறிக்கும்போது மினிட்டுக்கு, அதாவது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்குக்கு, பின்னால் மூன்று தசம எண் போடுவார்கள். கடைசி எண் ஒன்று மாறினால், தரையில் இரண்டு மீட்டர்கூட நகராது. அவ்வளவு துல்லியம். ஆனால் போனில் அம்புக்குறி காட்டுகிற தூரம் நேர்கோட்டுத் தூரம். ஏற்காட்டில் லேடீஸ் சீட் என்கிற காட்சிமுனையில் நின்று கீழே பார்த்திருப்பீர்கள், நாம் ஏறி வந்த மலைப்பாதை வளைந்து வளைந்து தெரியும். அந்த வளைவுகளில் ஒன்றின் ஓரத்தில் டப்பா இருக்கிறது என்று வையுங்கள். போன் சில நூறு மீட்டர் என்று காட்டும். வண்டியை எடுத்தால் பல கிலோமீட்டர். பகோடா பாயின்டிலும் இதே கதை. கீழே காக்கம்பாடி கிராமம் கை எட்டுகிற தூரத்தில் தெரியும். நடுவில் இருப்பது பள்ளம். அதனால் கிளம்புவதற்கு முன்னாலேயே வரைபடத்தில் பார்க்க வேண்டியது டப்பா எங்கே இருக்கிறது என்பதையல்ல, எந்தச் சாலையிலிருந்து இறங்கி நடக்க வேண்டும் என்பதை. மேலே பல இடங்களில் டவர் கிடைக்காது. சேலத்திலேயே வரைபடத்தைப் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, வண்டிக்கு வருகிறேன். என் ஓட்டு டிவிஎஸ் எக்ஸெல்லுக்குத்தான். சிரிக்காதீர்கள். 99.7 சிசி, எடை தொண்ணூறு கிலோவுக்குள். எஸ்டேட் பாதையில் முட்டுச்சந்து வந்துவிட்டால் கேரியரைப் பிடித்துத் தூக்கி, நின்ற இடத்திலேயே திருப்பிவிடலாம். முன்னால் இருக்கிற தட்டில் பை வைக்கலாம். காப்பித் தோட்டத்துக்கு மூட்டை ஏற்றுகிறவர்கள் பழகின வண்டி என்பதால், ஓரமாக நிறுத்தினால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஒளித்து வைத்த பொருளைத் தேடுகிறவனுக்கு இது சின்ன வசதியல்ல. ஆனால் ஒரே ஆள் போவதாக இருந்தால் மட்டும். இரண்டு பேர் ஏறி இருபது கொண்டை ஊசி வளைவையும் எக்ஸெல்லில் ஏறுவது இன்ஜினுக்குச் செய்கிற பாவம்.

இரண்டு பேர் என்றால் நூறு, நூற்றிருபத்தைந்து சிசி கியர் பைக். பின்னால் உட்காருகிறவர் கையில்தான் போன் இருக்க வேண்டும், ஓட்டுகிறவர் அம்புக்குறியைப் பார்க்கவே கூடாது. ஹேண்டில்பாரில் போனை மாட்டுகிறவர்களுக்கு ஒரு செய்தி: சக்தி வாய்ந்த பைக்குகளின் அதிர்வில் கேமராவுக்குள் இருக்கிற, நடுக்கத்தைச் சமன் செய்யும் பாகம் கெடலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021இல் எச்சரித்திருக்கிறது.

ஸ்கூட்டர்தான் இன்று வீட்டுக்கு வீடு இருக்கிறது, அதனால் அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏறுவதில் தொல்லை இல்லை. இறங்கும்போதுதான். கியர் வண்டியில், எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்கு என்று மலை டிரைவர்கள் சொல்வார்கள். இன்ஜினே வண்டியைப் பிடித்து வைக்கும். ஸ்கூட்டரில் அந்தப் பிடி குறைவு. ஆக்சிலேட்டரை விட்டு வேகம் நன்றாகக் குறைந்துவிட்டால், கிளட்ச் தானாக விட்டுக்கொள்ளும். பிறகு முழுப் பாரமும் பிரேக்கின் மேல். திங்கட்கிழமை காலையில் பட்டறைக்கு வருகிற சில ஸ்கூட்டர்களின் பின்சக்கரத்தைக் கழற்றினால், பிரேக் ஷூ பளபளவென்று மெழுகிவிட்டதுபோல் இருக்கும். டிரம்மின் உள்பக்கம் நீலம் பாய்ந்திருக்கும். கருகிய வாடை அப்போதும் போயிருக்காது. "நேத்து ஏற்காடுங்களா?" என்று கேட்டால், எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பார்கள். பிரேக்கைப் பிடித்தபடியே வராமல், விட்டு விட்டுப் பிடியுங்கள். நடுவில் அகலமான இடமாகப் பார்த்து நிறுத்திப் பத்து நிமிடம் ஆறவிடுங்கள். இன்ஜினை அணைத்துவிட்டுப் பெட்ரோல் மிச்சம் பிடித்து இறங்குகிற வித்தையைக் கண்டுபிடித்தவர் யாரோ, அவரைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், வேண்டாம். காரில் அப்படிச் செய்தால் பிரேக் பெடலும் ஸ்டியரிங்கும் கல்லாக இறுகும்.

மின்சார ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கணக்கு. சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் உயர வித்தியாசம் ஏறத்தாழ 1,200 மீட்டர். வண்டியும் இரண்டு ஆளுமாக 240 கிலோ என்றால், அந்த எடையை அவ்வளவு உயரம் தூக்குவதற்கு மட்டுமே முக்கால் யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். சாலை உராய்வு, மோட்டார் சூடு எல்லாம் தனி. மூன்று யூனிட் பேட்டரியில் இது சின்னப் பங்கல்ல. இறங்கும்போது கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். ஆனால் மேலே நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றிவிட்டு உடனே இறங்காதீர்கள். நிறைந்த பேட்டரியில் திரும்பி வருகிற மின்சாரத்துக்கு இடமில்லை, மோட்டார் பிடிக்கிற பிரேக்கும் அந்த நேரத்தில் வேலை செய்யாமல் போகலாம்.

கார் என்றால் சின்னக் கார். ஃபோர் வீல் டிரைவ் வண்டியான ஜிம்னியின் திரும்பு ஆரம் 5.7 மீட்டர், பழைய ஆல்டோ 800க்கு 4.6. ஜிம்னி தரையிலிருந்து 210 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கிறது, ஆல்டோ 160தான், கல்லில் தட்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாகலூர், செம்மநத்தம் பக்கம் குறுகிய பாதையில் எதிரே பிக்கப் வண்டி வந்து, பின்னால் எடுத்து ஒதுங்க வேண்டி வரும்போது உங்களைக் காப்பாற்றுவது நீளம் குறைந்த வண்டிதான். மலைப்பாதையில் ஏறி வருகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது சட்டம், நினைவிருக்கட்டும்.

இன்னொரு விஷயம். இந்த விளையாட்டில் இரண்டு டப்பாக்களுக்கு நடுவே குறைந்தது 161 மீட்டர் இருந்தால் போதும். ஏரியிலிருந்து கிளம்பி 30 கிலோமீட்டர் சொச்சம் சுற்றி வருகிற லூப் ரோடு போன்ற பாதையில், நிறுத்து, இறங்கு, தேடு, ஏறு, கிளப்பு என்று நாள் முழுக்க அதே வேலை. செல்ப் எடுக்கத் திணறுகிற பழைய பேட்டரியோடு இதற்குப் போகாதீர்கள்.

நிறுத்துவதைப் பற்றி. கொண்டை ஊசி வளைவில் ஒரு நிமிடம்கூடக் கூடாது. எஸ்டேட் கேட்டுக்கு முன்னாலும் கூடாது. ஒருமுறை நண்பர் ஒருவர் மூடியிருந்த கேட்டுக்கு முன் காரை விட்டுவிட்டுப் பாலத்துக்கடியில் துழாவிக்கொண்டிருந்தார். தோட்டத்துக் காவலாளி வந்தார். "இந்தக் கேட்டு தொறக்காதுன்னு உங்களுக்கு யாருங்க சொன்னா? காப்பி லோடு இப்ப வரும்." சத்தம் போடவில்லை, அவ்வளவுதான் சொன்னார். உள்ளே மிளகுக்கொடி ஏறின சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே லாரி ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருந்தது. தோட்டம் தனியார் சொத்து, கேட்டுவிட்டுப் போனால் பெரும்பாலும் விடுவார்கள். காப்புக்காடு அப்படியல்ல. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே நுழையவும் கூடாது, டப்பா வைக்கவும் கூடாது. அந்தி சாய்ந்தால் காட்டெருமை நடமாட்டமும் உண்டு.

சரிவில் நிறுத்தினால் ஏற்றம் பார்த்த வண்டிக்கு முதல் கியர், இறக்கம் பார்த்த வண்டிக்கு ரிவர்ஸ் கியர், சக்கரத்தை மலைப்பக்கம் ஒடித்து வையுங்கள். சக்கரத்துக்குக் கல் கொடுத்தால், கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரத்தில் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். நடுரோட்டில் கிடக்கிற அந்தக் கற்களில் இரவில் ஏறி, ரிம் நெளிந்து வருகிற வண்டிகளை நான் பார்க்கிறேன். பிப்ரவரியிலிருந்து மே வரை காய்ந்த புல்லின் மேல் நிறுத்தவே வேண்டாம். காருக்கு அடியில் புகைக்குழாயோடு இருக்கிற, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர், புல்லைப் பற்றவைக்கிற அளவுக்குச் சூடாக இருக்கும். சீட்டில் தின்பண்டம் வைக்காதீர்கள், குரங்கு பையோடு கொண்டுபோய்விடும். டப்பாவுக்குள்ளும் தின்பண்டம் போடக் கூடாது என்று விளையாட்டின் விதியே இருக்கிறது. வண்டியில் கட்டாயம் இருக்க வேண்டியது பஞ்சர் கிட், டார்ச், ஒரு பேனா. டப்பாவுக்குள் நோட்டு இருக்கும், பேனா பெரும்பாலும் இருக்காது.

வண்டியே இல்லாதவர்களும் விளையாடலாம். இதில் எர்த்கேச் என்று ஒரு வகை 2004இல் வந்தது. டப்பாவே கிடையாது. குறித்த இடத்துக்குப் போய் அங்குள்ள பாறையைப் பார்த்து, கேட்ட கேள்விக்குப் பதில் எழுத வேண்டும். சேர்வராயன் மலையே சார்னோக்கைட் பாறை, மலையேறுவதற்கு முன்னால் சாலையோரம் வெள்ளையாகத் தெரிவது வெள்ளைக்கல், அதாவது மேக்னசைட். பார்க்க எவ்வளவோ இருக்கிறது. இதற்குப் பேருந்து போதும். புதிய பேருந்து நிலையத்தில் ஏறி, ஏரிக்கரையில் இறங்கி நடந்தால் நிறுத்துகிற கவலையும் இல்லை, திருப்புகிற கவலையும் இல்லை. கீழே வருகிற கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று மட்டும், இறங்கும்போதே கண்டக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நன்றி, வணக்கம்.