இல்லாத குரலுக்கும் வடிவம் உண்டு

எல்லோருக்கும் வணக்கம்.

சோதனை இலக்கியம், இசை, தொழில்நுட்பம், இலக்கியத்தை இயற்கையோடு சேர்த்துப் படிக்கும் சூழலியல் விமர்சனம் என்று நான்கைப் பற்றியும் சேர்த்துப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இந்த நான்கும் ஒரு கேள்வியில் வந்து சேர்கின்றன என்பது என் எண்ணம். இல்லாமல் போனதை எப்படிக் கேட்பது? ஓர் உயிரினம் அழிந்தபின் மிஞ்சுவது வெற்றிடம். அதைப் படிக்கத் தெரியாத விமர்சனம், மரமும் ஆறும் வரும் கவிதைகளைத் தேடிப்பிடித்துப் பட்டியல் போடுவதோடு நின்றுவிடும். வெற்றிடத்தைப் படிக்கும் பயிற்சியை நமக்குக் கொடுத்தவர்கள், புரியவில்லை என்று நாம் ஒதுக்கிவைத்த சோதனைக் கலைஞர்கள்.

1952 ஆகஸ்ட் 29. நியூயார்க் மாநிலத்தின் உட்ஸ்டாக்கில், காட்டை ஒட்டிய ஓர் அரங்கு. டேவிட் டியூடர் பியானோவின் முன் உட்கார்ந்து மூடியைச் சாத்துகிறார். ஒரு பகுதி முடிந்ததும் திறக்கிறார், மறுபடி சாத்துகிறார். மூன்று பகுதிகள், மொத்தம் 4 நிமிடம் 33 விநாடி, ஒரு சுரம்கூட வாசிக்கவில்லை. ஜான் கேஜ் இயற்றிய இந்த இசையை ஏமாற்று வேலை என்று சொன்னவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். கேஜ் பின்னாளில் நினைவுகூர்ந்தது வேறு. முதல் பகுதியில் வெளியே காற்று அசைந்தது, இரண்டாவதில் கூரைமேல் மழைத்துளி விழுந்தது, மூன்றாவதில் சனங்களே சலசலத்தார்கள். இசைக்கருவி வாயை மூடியதும் இடம் பேசத் தொடங்கியது.

இலக்கியத்தில் இதற்கு இணையாக நான் வைப்பது ஜார்ஜ் பெரெக்கை. 1969இல் அவர் வெளியிட்ட பிரெஞ்சு நாவலில், அந்த மொழியில் மிக அதிகமாகப் புழங்கும் 'e' என்ற எழுத்து ஓரிடத்தில்கூடக் கிடையாது. இதை வெறும் சொல் விளையாட்டு என்று தள்ளிவிட முடியாது. அந்த எழுத்து இல்லாமல் பிரெஞ்சில் அப்பா என்று எழுத முடியாது, அம்மா என்றும் எழுத முடியாது. பெரெக்கின் தந்தை 1940இல் போர்முனையில் இறந்தார், தாயை 1943இல் நாஜிகள் ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்குக் கொண்டுபோனார்கள். இழப்பைப் பற்றி ஒரு வரி புலம்பாமல், இழப்பையே நாவலின் இலக்கணமாக்கினார் அவர். கதை ஓடுகிறது, வாக்கியம் முடிகிறது, எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தோன்றுகிறது. அதுதான் நெஞ்சைப் பிசைகிறது.

எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றிய ஒரு காட்டுக்கு இப்போது வருகிறேன். பெர்னி கிராஸ், மூக் சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியை வாசித்துப் பெயர் வாங்கிய இசைக்கலைஞர். பிறகு ஒலிவாங்கியைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போனவர். கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் லிங்கன் மெடோ என்றொரு புல்வெளி. 1988இல் அங்கே மரம் வெட்டுவதற்கு முன்பு அவர் ஒலிப்பதிவு செய்தார். மொட்டையடிக்க மாட்டோம், அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் வெட்டுவோம், சூழல் கெடாது என்று வெட்ட வந்த நிறுவனம் வாக்குக் கொடுத்திருந்தது. மறுவருடம் அதே பருவத்தில், அதே இடத்தில் நின்று மறுபடி பதிவு செய்தார். புகைப்படத்தில் மாற்றமே தெரியவில்லை. ஒலியை வரைபடமாக்கிப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. முன்பு ஒவ்வொரு பறவையும் தனக்கென்று ஒரு சுருதி மட்டத்தைப் பிடித்துக்கொண்டு பாடியதால், படத்தில் கோடுகளும் புள்ளிகளும் அடுக்கடுக்காக நிறைந்திருந்தன. இப்போது ஓடை நீரின் இரைச்சலும், ஒரு மரங்கொத்தி தட்டும் சத்தமும். மற்ற அடுக்குகள் காலி. எழுத்து உதிர்ந்த பக்கம் அது. 25 வருடங்களில் பலமுறை திரும்பிப் போயும் பழைய அடர்த்தி வரவில்லை என்று கிராஸ் சொல்லியிருக்கிறார்.

நம் மரபுக்கு இது அந்நியமான பார்வை அல்ல. தொல்காப்பியம் ஒரு நிலத்துக்கு உரிய கருப்பொருளை அடுக்கும்போது தெய்வம், உணா, மா, மரம், புள், பறை, செய்தி, யாழ் என்கிறது. பறவையும் வாத்தியமும் ஒரே வரிசையில் இருக்கின்றன. நிலத்தின் குரல் என்று இரண்டையும் ஒன்றாக எண்ணியவர்கள் நம் இலக்கணக்காரர்கள். கபிலரின் குறுந்தொகைப் பாட்டில், தலைவன் கூடிய அந்தப் பொழுதுக்குச் சாட்சி யாருமில்லை, ஓடும் நீரில் ஆரல் மீன் பார்த்து நின்ற குருகைத் தவிர. அந்தக் குருகு இல்லாமல் போனால் தலைவி யாரைச் சாட்சிக்கு அழைப்பாள்? கருப்பொருள் அழிந்த நிலத்தில், அந்த நிலத்துக்கான மன உணர்வாகிய உரிப்பொருள் எதைப் பற்றிக்கொண்டு நிற்கும்? தமிழில் சூழலியல் விமர்சனம் செய்கிறவர்கள் திணையைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வதை விட்டு, இந்தக் கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தொழில்நுட்பத்தைப் பற்றியும் நேர்மையாகப் பேசியாக வேண்டும். கூன்முதுகுத் திமிங்கிலத்தின் பாட்டு உலகத்தின் காதுக்கு வந்தது, அமெரிக்கக் கடற்படைக்காகப் பெர்முடாவில் வேலை செய்த பொறியாளர் ஒருவரின் நீரடி ஒலிவாங்கிகள் வழியாக. போர்த் தேவைக்காகக் கடலுக்குள் வைத்த காது அது. அதில் விழுந்த பாட்டை உயிரியலாளர் ரோஜர் பெய்ன் 1970இல் இசைத்தட்டாகக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு, அந்தக் குரல் குறிப்பிட்ட ஒலிக்கோவைகளைத் திருப்பித் திருப்பிப் பாடும் ஒழுங்குடையது என்று ஸ்காட் மெக்வேயுடன் சேர்ந்து எழுதினார். வணிகத் திமிங்கில வேட்டையை நிறுத்த 1982இல் நாடுகள் வாக்களித்ததற்கு அந்த இசைத்தட்டு மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எண்ணெய்ப் பீப்பாயாக மட்டும் பார்க்கப்பட்ட ஓர் உயிரைப் பாடகராக மக்கள் கேட்டது அதற்குப் பிறகுதான். அதே இசைத்தட்டு பெட்ரோலியத்திலிருந்து எடுத்த பிளாஸ்டிக் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். இன்று நாம் கேட்கும் பாட்டுக்குத் தட்டு இல்லை. அதற்குப் பதிலாக இரவும் பகலும் மின்சாரம் தின்னும் தரவு மையங்கள் இருக்கின்றன. சூழலைப் பாடும் கலை எந்தப் பொருளின்மேல் ஏறி நம்மிடம் வருகிறது என்று கேட்பதும் விமர்சனத்தின் வேலை.

இன்னும் ஒரு செய்தி. ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில், சிதைந்த பவளத்திட்டுகளின் அருகே ஒலிபெருக்கிகளை இறக்கி, நலமான திட்டு ஒன்றின் சத்தத்தை ஆய்வாளர்கள் ஒலிக்கவிட்டார்கள். 2019இல் வெளியான முடிவின்படி, ஒலி எழுப்பாத திட்டுகளைவிட அங்கே இரண்டு மடங்கு மீன்கள் வந்து சேர்ந்தன. மீன் வந்தால் மட்டும் பவளம் பிழைத்துவிடாது, கடல் சூடாவதை ஒலிபெருக்கி தடுக்காது. இதை அந்த ஆய்வாளர்களும் சொல்கிறார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது, இளம் மீன் தன் வீட்டைத் தேர்ந்தெடுப்பதில் காதுக்கும் பங்கு இருக்கிறது என்பது. எழுதுகிறவர்களும் இசையமைக்கிறவர்களும் கடலோரத்துக்கும் காட்டுக்கும் ஒலிவாங்கியோடு போகும் ஆய்வாளர்களின் பக்கத்தில் போய் உட்கார வேண்டும். அவர்களின் பதிவுகளில் எந்த மட்டம் காலியாக இருக்கிறது என்று கேளுங்கள், அந்தக் காலியிடத்தை வைத்து எழுதுங்கள்.