அம்மாவைக் கூட்டிக்கிட்டு அறுபடை வீடு போறோம், போன்ல என்ன ஆப் போடணும்? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். சுங்கை சிப்புட்டிலிருந்து, நம்ம ஹேண்ட்போன் கடையில உட்கார்ந்துதான் பேசுறேன். கேள்வி நிறைய வந்திருக்கு. ஆனா ஒண்ணு மட்டும் படிச்சதிலிருந்து மனசைவிட்டுப் போகல. இன்னைக்கு அது ஒண்ணுதான்.

கோல கங்சாரிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்காரு. "அண்ணா, அடுத்த மாசம் அம்மாவையும் மாமியாரையும் கூட்டிக்கிட்டு அறுபடை வீடு போறோம். நானும் மனைவியும் கூட. டிக்கெட், விசா, ஓட்டல், வேன் புக்கிங் எல்லாமே என் போன்லதான் இருக்கு. பிரயாணத்துக்கு எந்த ஆப் நல்லது? ரோமிங் போடுறதா, அங்க போய் சிம் வாங்குறதா?"

முதல்ல சிம். நாலஞ்சு நாள்னா ரோமிங் பாஸ் வாங்கிடுங்க, தலைவலி கிடையாது. பத்து நாள், ரெண்டு வாரம்னா அங்க சிம் வாங்குறது லாபம். பாஸ்போர்ட்டும் விசாவும் காட்டணும், வாங்கின உடனே லைன் வராம கொஞ்சம் காத்திருக்க வேண்டியும் வரலாம். அதனால முதல் நாளுக்காவது ரோமிங் கையில இருக்கட்டும். சிம் மாத்தினா வாட்ஸ்அப் போயிடுமான்னு கடைக்கு வர்றவங்க எல்லாரும் கேக்குறாங்க. போகாது. "நம்பர் மாத்தணுமா"ன்னு கேட்டா வேணாம்னு அழுத்துங்க, பழைய மலேசிய நம்பர்லயே ஓடும்.

ஆப் விஷயம். புதுசா ஒண்ணும் வேணாம் தம்பி. போன்ல ஏற்கனவே இருக்கிற மேப்பே போதும், ஆனா ஊர் மேப்பை இங்கிருந்தே இறக்கி வச்சுக்கணும். நம்ம வீடியோ பார்க்கிறவங்களுக்கு நான் என்ன சொல்லப்போறேன்னு தெரியும். தைப்பூசத்துக்கு முன்னாடி பேசினப்பவும் சொன்னேன், கெரிக் – ஜெலி ரோடு பத்தி பேசினப்பவும் சொன்னேன்: ரோட்டுல செய்யப்போறதை வீட்டு வைஃபையிலேயே செஞ்சு முடிச்சிட்டுக் கிளம்புங்க. கெரிக்கிலிருந்து ஜெலி போற வழியில எத்தனை இடத்துல லைன் இருக்காதுன்னு போனவங்களுக்குத் தெரியும். ராத்திரியில யானை வேற நிக்கும். அங்க நின்னுக்கிட்டு மேப் இறங்குதான்னு பார்க்க முடியாது. ஆனா ஜிபிஎஸ்ஸுக்கு இன்டர்நெட் வேணாம். அது மேலே இருக்கிற செயற்கைக்கோள்லேர்ந்து வர்ற சிக்னலை வாங்கி நம்ம இடத்தைக் கண்டுபிடிக்குது. படம் மட்டும் போன்ல முன்கூட்டியே இருந்தா, லைன் இல்லாத காட்டுலயும் நீங்க எங்க நிக்கிறீங்கன்னு காட்டும்.

அதுமாதிரி திருப்பரங்குன்றம், திருச்செந்தூர், பழனி, சுவாமிமலை, திருத்தணி, பழமுதிர்சோலை, ஆறு இடத்துக்கும் மேப்பை இறக்கி வச்சு, தங்குற ஓட்டல்ல ஒரு புள்ளி குத்தி வச்சிடுங்க. வேன்காரர் பழமுதிர்சோலைக்கு எந்தப் பக்கமா போறாரு, அழகர் கோயில் வந்தாச்சான்னு உட்கார்ந்த இடத்துலேர்ந்தே பார்த்துக்கலாம், காசு செலவில்லாம. இன்னொண்ணு, லைன் இல்லாத இடத்துல போன் சும்மா இருக்காது. டவரைத் தேடித் தேடி பேட்டரியைத் தின்னும். அந்த நேரத்துல ஏரோப்ளேன் மோட் போட்டு வைங்க. பெரும்பாலான போன்ல அப்பவும் ஜிபிஎஸ் வேலை செய்யும்.

பவர் பேங்க் கையில எடுத்துட்டுப் போற பையிலதான் இருக்கணும், உள்ளே போடுற பெட்டியில வைக்கவே கூடாது. அது எவ்வளவு கரண்ட் சேமிக்கும்னு வாட் அவர்னு ஒரு கணக்குல அளப்பாங்க, 100 வாட் அவர் வரைக்கும் தனி அனுமதி வேணாம். கடையில 20,000 எம்ஏஎச்ன்னு விக்கிறாங்களே, அது கணக்குப் பார்த்தா 74 வாட் அவர்தான் வரும், பிரச்சினை இல்ல. ஆனா பிளேன்ல உட்கார்ந்து அதுல சார்ஜ் போடக்கூடாது. 2025 ஜனவரியில தென் கொரியாவுல, பூசான் ஏர்போர்ட்ல, ஒரு விமானம் கிளம்புறதுக்கு முன்னாடியே தீப்பிடிச்சு எரிஞ்சுது. பவர் பேங்க்தான் காரணமா இருக்கலாம்னு விசாரணையில சொன்னாங்க. அதுக்கப்புறம் 2025 ஏப்ரல்லேர்ந்து மலேசியா ஏர்லைன்ஸ்லயும் பறக்கும்போது பவர் பேங்க் பயன்படுத்தக்கூடாதுன்னு கொண்டுவந்துட்டாங்க. அதனால போனை முழுசா சார்ஜ் பண்ணிட்டு ஏறுங்க.

இதோட தம்பி கேட்டதுக்குப் பதில் முடிஞ்சுது. ஆனா தம்பி, நீங்க கேட்காத ஒண்ணு இருக்கு. "எல்லாமே என் போன்லதான் இருக்கு"ன்னு எழுதினீங்க பாருங்க, அந்த ஒரு வரிதான் எனக்கு உறுத்துது.

நம்ம வீடுகள்ல எல்லாம் இப்படித்தான் நடக்குது. நாலு பேர், ஆறு பேர் போறாங்க. பையன் ஒருத்தன் கையில எல்லாரோட டிக்கெட்டு, எல்லாரோட விசா, எல்லாரோட காசு. அம்மா கையில கைக்குட்டையும் தைலமும். அந்த ஒரு போன் கீழே விழுந்தா, தொலைஞ்சா, சார்ஜ் தீர்ந்தா, ஆறு பேரும் நடுரோட்டுல. அம்மா தனியா பிரிஞ்சிட்டா அதைவிட மோசம், ஏன்னா அவங்ககிட்ட ஒண்ணுமே இல்ல.

நீங்க போறது கோயிலுக்கு. அதை நல்லா யோசிங்க. 2022 டிசம்பர்ல சென்னை உயர் நீதிமன்றத்தோட மதுரைக் கிளை, திருச்செந்தூர் கோயில் சம்பந்தமா வந்த வழக்குல, தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள்ள கைப்பேசிக்குத் தடை போடச் சொல்லி உத்தரவு கொடுத்தாங்க. மதுரை மீனாட்சி அம்மன் கோயில்ல அதுக்கு முன்னாடியே, 2018லேயே தடை வந்தாச்சு. பழனியில 2023 அக்டோபர் 1லேர்ந்து. போனை வாசல்ல கொடுத்துட்டு டோக்கன் வாங்கிட்டுத்தான் உள்ள போகணும். கோயில்ல படம் எடுக்காம சாமி கும்பிடணும்னு சொல்றது நியாயம்தான், நான் அதை முழு மனசோட ஏத்துக்கிறேன். ஆனா பாருங்க, கூட்டம் அதிகமா இருக்கிற, ஆள் தொலைஞ்சு போகக்கூடிய இடம் எதுவோ, அங்கதான் உங்க கையில போன் இருக்காது. உங்ககிட்டயும் இருக்காது, அம்மாகிட்டயும் இருக்காது.

நம்ம கடைக்கு டாப் அப் போட வர்ற ஒரு அம்மா, இங்க பக்கத்துத் தோட்டத்துல வேலை செஞ்சவங்க. மகன், மருமகளோட மதுரைக்குப் போயிருக்காங்க. மீனாட்சி கோயில்ல நாலு திசைக்கும் நாலு பெரிய கோபுரம். புதுசா போறவங்களுக்கு நாலும் ஒண்ணாத்தான் தெரியும். உள்ள கூட்டத்துல கை விட்டுப் போச்சு, இவங்க வேற கோபுரத்து வழியா வெளிய வந்துட்டாங்க. போன் அந்தப் பக்கத்து வாசல்ல இருக்கு, டோக்கன் மகன்கிட்ட இருக்கு, செருப்பும் அங்கதான். வெறுங்காலோட சித்திரை வீதியில நிக்கிறாங்க. காவலுக்கு இருந்தவரு "எந்த ஓட்டல்மா?"ன்னு கேட்டா பேரு தெரியல. மகன் நம்பர் கேட்டா, போன்ல மகன் படத்தை அழுத்தித்தான் பழக்கம், நம்பர் மனசுல இல்ல. மருமக நாலு கோபுரத்தையும் சுத்தி வந்து கண்டுபிடிக்கிற வரைக்கும் அங்கேயே நின்னிருக்காங்க.

அதைச் சொல்லிட்டு அவங்க சொன்னாங்க, "என்ன செய்யிறது தம்பி, நான் விவரம் இல்லாதவ." எனக்கு அதைத் தாங்கவே முடியல. விடியறதுக்கு முன்னாடி, இருட்டுல, நெத்தியில விளக்கைக் கட்டிக்கிட்டு பால் வெட்டப் போனவங்க அவங்க. வெயில் ஏறினா பால் நின்னுடும்னு அந்த நேரத்துக்குப் போகணும். எந்த மரம் தன் நிரை, எந்த மரம் பக்கத்து ஆளோடதுன்னு இருட்டுலயே தெரியும். அந்த ரப்பர் காட்டுல வழி தவறாதவங்களை மதுரையில வழி தெரியாம நிக்க வச்சது யாரு? ஓட்டல் பேரைக்கூட சொல்லாம கூட்டிட்டுப் போன நாமதான். அவங்களுக்கு விவரம் இல்லாம இல்ல, விவரத்தை நாம கொடுக்கல.

அதனால தம்பி, இதைச் செய்யுங்க. ஒரு கெட்டி அட்டை எடுத்து, பெரிய எழுத்துல, தமிழ்ல எழுதுங்க. தங்குற ஓட்டல் பேரு, எந்தத் தெரு, ஓட்டல் போன் நம்பர், வேன்காரர் நம்பர், உங்க நம்பர், உங்க மனைவி நம்பர். ஊர் மாற மாற புது அட்டை. மருந்துப் பைக்குள்ள வேணாம், அதை வேன்லயே விட்டுட்டு இறங்கிடுவாங்க. சேலை முந்தியில முடிஞ்சு வைக்கிற சுருக்குப் பையில வைங்க, அது அவங்களைவிட்டுப் போகாது.

நம்பர் எழுதுறதுல ஒரு விஷயம், இதை நிறைய பேர் விட்டுடுறாங்க. நம்ம நம்பரை 012, 016ன்னு எழுதினா அங்க இருக்கிற ஆள் போன்லேர்ந்து அடிச்சா போகாது. முதல்ல இருக்கிற சைபரை எடுத்துட்டு, முன்னாடி பிளஸ் 60 போடணும். போன்ல சேமிச்சு வச்சிருக்கிறதையும் அப்படியே மாத்திடுங்க, அப்ப எந்த நாட்டிலேர்ந்து அழுத்தினாலும் போகும். அங்க சிம் வாங்கினீங்கன்னா அந்த பிளஸ் 91 நம்பரையும் அட்டையில சேர்த்து எழுதணும். அவசரத்துக்கு இந்தியாவுல 112, அதையும் எழுதுங்க. நம்ம 999 அங்க பழக்கம் இல்ல.

கோயிலுக்குள்ள போறதுக்கு முன்னாடி, போனைக் கொடுக்கிற இடத்துல நின்னு, "பிரிஞ்சிட்டா இந்தக் கோபுரத்து வாசல், இந்தச் செருப்பு வைக்கிற இடம்"னு கையைக் காட்டிச் சொல்லுங்க. கிழக்கா, தெற்கான்னு அட்டையில எழுதியும் கொடுங்க. இதைத்தான் பத்துமலைக்கும் சொன்னேன், ஈப்போ கல்லுமலைக்கும் சொன்னேன். தைப்பூசத்துல எல்லாரும் ஒரே நேரத்துல போன் அடிச்சா லைன் கிடைக்காது, கூடுற இடத்தை முன்னாடியே பேசி வைங்கன்னு சொன்னேனே, அதேதான்.

விசாவைக் காகிதத்துலயும் எடுத்து வைங்க, ஆளுக்கு ஒண்ணு அவங்கவங்க பையில. பாஸ்போர்ட் முதல் பக்கத்து நகல் இன்னொரு பையில. இந்தியா விசா இனிமேதான் போடணும்னு பார்க்கிறவங்க, வெப்சைட் பேரு ஜிஓவி டாட் இன்னு முடியுதான்னு பார்த்துப் போடுங்க. தேடினா மேலே விளம்பரமா வர்றதுல பாதி கூடுதல் காசு பிடுங்குற ஆளுங்க.

காசு. 2022 செப்டம்பர்ல பேங்க் நெகாரா, மோசடியைத் தடுக்க பேங்குகளுக்கு சில கட்டாயங்கள் கொண்டுவந்தாங்க. ஒரு கணக்குக்கு ஒரே போன்லதான் ஒப்புதல் கொடுக்க முடியும்கிறது அதுல ஒண்ணு. புது போன்ல பதிஞ்சா கொஞ்ச நேரம் காத்திருக்கவும் வைப்பாங்க. நம்ம பாதுகாப்புக்கு நல்லதுதான். ஆனா பழனியில போன் தொலைஞ்சா, மனைவி போனை வாங்கி உங்க பேங்கை உடனே திறந்திடலாம்னு நினைக்காதீங்க. அதனால உங்க மனைவி கணக்குலயும் கொஞ்சம் வெள்ளி இருக்கட்டும், அவங்க கார்டு அவங்ககிட்ட இருக்கட்டும், ரெண்டு அம்மாக்கள் கையிலயும் இந்திய ரூபாய் கொஞ்சம் இருக்கட்டும். பூ வாங்க, உண்டியல்ல போட, ஒவ்வொரு தடவையும் மகன்கிட்ட கை நீட்டுறது அவங்களுக்கும் சங்கடம். வேண்டுதலுக்கு அவங்க காசு அவங்க கையாலதான் போடணும்.

மருந்து விஷயம் மறந்துட்டேன் பாருங்க, இதுதான் முக்கியம். அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை, சீனி மாத்திரைக்கு போன்ல அலாரம் வச்சிருப்பீங்க. அங்க இறங்கின உடனே போன் தானா நேரத்தை மாத்திக்கும். நம்மைவிட அவங்க ரெண்டரை மணி நேரம் பின்னால. இங்க காலை 8 மணிக்கு அடிச்சது அங்கயும் 8ன்னுதான் காட்டும், ஆனா நம்ம ஊர்ல அப்ப பத்தரை. இன்சுலின் போடுறவங்களுக்கு இது விளையாட்டு இல்ல. போறதுக்கு முன்னாடியே கிளினிக்ல கேட்டு, அங்க எத்தனை மணிக்குன்னு அட்டையோட பின்பக்கம் எழுதிடுங்க.

இன்னும் ஒரு மாசம் இருக்குல்ல, அதுக்குள்ள ஒரு ஞாயித்துக்கிழமை ரெண்டு அம்மாவையும் ஈப்போவுக்குக் கூட்டிட்டுப் போங்க. லிட்டில் இந்தியாவுல ஒரு பக்கம் அவங்களை விட்டுட்டு நீங்க அடுத்த தெருவுக்குப் போயிடுங்க. மனைவி தூரத்துலேர்ந்து பார்த்துக்கட்டும். அட்டையைக் கடைக்காரர்கிட்ட காட்டி உங்களுக்கு போன் போடச் சொல்லுங்க. அவங்க சொந்த போன்லேர்ந்தும் அழைக்கச் சொல்லுங்க, வாட்ஸ்அப்ல தாங்க இருக்கிற இடத்தை அனுப்பச் சொல்லுங்க. நீங்க பக்கத்துல நின்னு பிடுங்கி அழுத்தாதீங்க, எவ்வளவு நேரமானாலும் அவங்க விரலே அழுத்தட்டும். ரெண்டு தடவை செஞ்சா வந்துடும், கடையில எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்துப் பார்த்துட்டேன்.

மாமியார் கையில என்ன போன் இருக்குன்னு நீங்க எழுதல. மாடலை மட்டும் எழுதி அனுப்புங்க தம்பி. எழுத்தைப் பெருசாக்குறது, முதல் பக்கத்துலயே உங்க படத்தை வச்சு ஒரே அழுத்துல கூப்பிடுறது, ரெண்டையும் அதே போன்ல செஞ்சு அடுத்த வீடியோவுல காட்டுறேன்.