ஒரே நாடகம், ஒரே டைரக்டர், இரண்டு படங்கள்: முதல் படத்தில் நாடகத்தின் பெயரைக்கூட வெளியே சொல்ல விடவில்லை!

ஒரு ஹாலிவுட் தயாரிப்பாளர், நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேயில் சக்கைப்போடு போட்டுக்கொண்டிருக்கும் ஒரு நாடகத்தின் உரிமையைப் பெரிய விலை கொடுத்து வாங்குகிறார். சென்சாரைக் கையில் வைத்திருந்தவர்கள் அவரிடம் சொன்னது இதுதான்: படம் எடுத்துக்கொள், ஆனால் நாடகத்தின் பெயரை வைக்காதே, அதில் இருக்கும் அந்த விஷயத்தைத் தொடாதே, அந்த நாடகத்தைத்தான் படமாக்கினேன் என்று விளம்பரத்தில்கூடப் போடாதே. அப்புறம் அந்த மனுஷன் காசு கொடுத்து வாங்கியது எதை?

[திரையில்: 'தி சில்ட்ரன்ஸ் ஹவர்', 1934]

எழுதியவர் லிலியன் ஹெல்மன், இது அவருடைய முதல் நாடகம், 691 காட்சிகள் ஓடியது, பாஸ்டனிலும் சிகாகோவிலும் தடை. பின்னணி இவ்வளவு போதும், கதைக்கு வருவோம். கேரன், மார்த்தா என்று இரண்டு தோழிகள் சேர்ந்து பெண்களுக்கான உறைவிடப் பள்ளி நடத்துகிறார்கள். மேரி என்று ஒரு மாணவி, பொல்லாத பிறவி. தண்டனைக்குப் பயந்து பாட்டி வீட்டுக்கு ஓடிப்போய், அந்த இரண்டு டீச்சர்களும் காதலர்கள் என்று பாட்டியின் காதில் ஓதிவிடுகிறாள். பாட்டி ஊரையே கூப்பிட்டுச் சொல்ல, பள்ளி காலி.

இது நிஜத்தில் நடந்த கதை. இதைச் சொல்லத்தான் இந்த வீடியோவே போட்டேன். 1810, எடின்பர்க். மரியான் வுட்ஸ், ஜேன் பிரி என்ற இரண்டு டீச்சர்கள். குற்றம்சாட்டிய மாணவி ஜேன் கம்மிங். அவள் யார் தெரியுமா? ஸ்காட்லாந்துப் பிரபு குடும்பத்துப் பையனுக்கும் ஓர் இந்தியப் பெண்ணுக்கும் பிறந்தவள், சின்ன வயதில் இந்தியாவிலிருந்து கப்பலேறிப் போனவள்! நிஜத்திலும் ஊரில் பரப்பியது பாட்டிதான்; டீச்சர்கள் அந்தப் பெண்ணின் பாட்டி மேல் அவதூறு வழக்குப் போட்டார்கள். நீதிமன்றத்தில் ஓடிய வாதத்தைக் கேளுங்கள்: நம் ஊர்ப் பெண்கள் இப்படியெல்லாம் செய்யவே மாட்டார்கள், அப்படி ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது, இந்தப் பெண் இந்தியாவில் ஆயாக்களிடம் கேட்டதை இங்கே வந்து அவிழ்த்துவிடுகிறாள். அதாவது டீச்சர்களைக் காப்பாற்ற வேண்டுமா, பழியைத் தூக்கி இந்தியா மேல் போடு. சிரிப்பதா கோபப்படுவதா என்றே தெரியவில்லை எனக்கு. வழக்கு லண்டன் பிரபுக்கள் சபை வரை இழுத்து 1819-ல்தான் முடிந்தது. டீச்சர்கள் ஜெயித்தார்கள், ஆனால் போன பள்ளி திரும்பி வரவில்லை. நூறு வருடம் கழித்து ஒரு புத்தகத்தில் இதைப் படித்த ஹெல்மன், கதையை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார், இந்திய ரத்தத்தைத் துடைத்துவிட்டு மேரியைச் சாதாரண வெள்ளைக்காரப் பணக்காரப் பேத்தியாக்கினார். எனக்கென்னவோ அந்த நிஜப் பெண்ணின் கதைதான் இதைவிடப் பெரிய படம். யாராவது எடுங்களேன்!

சரி, தயாரிப்பாளருக்கு வருவோம். அவர் சாமுவேல் கோல்ட்வின். 1930-களில் ஹாலிவுட்டே தனக்குப் போட்டுக்கொண்ட 'ஹேஸ் கோட்' என்ற கட்டுப்பாட்டில் தன்பால் ஈர்ப்பை அப்போது ஜாடையாகக்கூடக் காட்ட முடியவில்லை. அதனால் ஹெல்மனையே உட்காரவைத்துத் திரைக்கதை எழுத வைத்தார்கள். அவர் முக்கியமாக மாற்றியது ஓர் இடத்தை: மார்த்தா, கேரனைக் கட்டிக்கொள்ளப்போகும் டாக்டர் ஜோவோடு தொடர்பு வைத்திருக்கிறாள் என்று பொய் சொல்கிறாள் மேரி. வில்லியம் வைலர் இயக்கத்தில் 1936-ல் 'திஸ் த்ரீ' என்ற பெயரில் படம் வந்தது. ஆச்சரியம், படம் எடுபட்டது! என்ன பொய் என்பது மாறினாலும் அந்தப் பொய் ஊருக்குள் ஓடும் வேகம் மாறவில்லையே. மேரியாக வந்த போனிடா கிரான்வில் என்ற சிறுமியைப் பார்த்தால் திரைக்குள் கையை விட்டு ஓர் அறை விடத் தோன்றும். துணை நடிகைக்கு ஆஸ்கர் கொடுக்க ஆரம்பித்த முதல் வருடமே அவள் பெயர் பரிந்துரையில் இருந்தது. கடைசியில் சுபம் போட்டதுதான் உறுத்தல்.

வைலருக்கு அது ஆறவே இல்லை போல. 'பென்ஹர்' எடுத்து ஆஸ்கர்களை அள்ளிய கையோடு அதே நாடகத்தை மறுபடி எடுத்தார், இந்த முறை நிஜப் பெயரோடு, நிஜக் கதையோடு. 1961 அக்டோபரில் கோட் தளர்ந்தது, டிசம்பரில் படம் வந்துவிட்டது. ஆட்ரி ஹெப்பர்ன் கேரன், ஷெர்லி மெக்லைன் மார்த்தா. 1936-ல் மார்த்தாவாக நடித்த மிரியம் ஹாப்கின்ஸ், இதில் மார்த்தாவின் வாயாடி அத்தை! இப்படி ஒரு நடிகர் தேர்வு வேறு எந்தப் படத்திலாவது இருந்தால் கமெண்ட்டில் போடுங்கள், நான் தேடிப் பார்க்கிறேன்.

[திரையில்: காருக்குள் பாட்டியும் பேத்தியும்]

பேத்தி ரகசியமாகச் சொல்கிறாள், நமக்கு ஒன்றும் கேட்காது, பாட்டியின் முகம் மட்டும் மாறுகிறது. அபாரம். ஆனால் அனுமதி கிடைத்த பிறகும் படம் ஏனோ தயங்கித் தயங்கித்தான் நடக்கிறது. லெஸ்பியன் என்ற சொல் ஓரிடத்தில்கூட வராது. படப்பிடிப்பில் அந்த விஷயத்தைப் பற்றி யாருமே வாய் திறந்து பேசிக்கொள்ளவில்லை என்று மெக்லைனே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அதையும் மீறி, தன் மனதில் இருந்ததை அவர் உடைந்து சொல்லும் அந்தக் காட்சி ஒன்றுக்காகவே முழுப் படத்தையும் பார்க்கலாம். அதற்குப் பிறகு மார்த்தாவுக்கு நேர்வது என்ன என்று சொல்லப்போவதில்லை, என்னைத் திட்டுவீர்கள்.

என் ஓட்டு 1936 படத்துக்குத்தான். கதையை மறைக்கச் சொன்னபோது வைலருக்கு இருந்த துணிச்சல், மறைக்க வேண்டாம் என்றபோது இல்லை. ஒத்துக்கொள்ளாதவர்கள் கீழே சண்டைக்கு வரலாம், ஆனால் இரண்டையும் பார்த்துவிட்டு வாருங்கள்.