கொழுப்பு மாத்திரையை நிறுத்துமுன் ஒரு வார்த்தை

நேயர்களுக்கு வணக்கம்.

என்னைப் பார்க்க வருகிறவர்களிடம் மாத்திரைப் பையை மேசைமேல் கொட்டச் சொல்வேன். பிரஷர் மாத்திரை அட்டை காலியாகியிருக்கும். சர்க்கரை மாத்திரையும் ஒழுங்காகப் போயிருக்கும். கொலஸ்ட்ராலுக்குக் கொடுத்த அட்டை மட்டும் ஒன்றுகூடக் குறையாமல் பளபளவென்று இருக்கும். ஏன் என்று கேட்டால், "போன தடவை ரிப்போர்ட் நார்மல்னு வந்துடுச்சே டாக்டர்" என்பார்கள். இல்லையென்றால், "அதைப் போட்டா கால் குடையுது" என்பார்கள். அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் என்று இந்த மாத்திரைகளின் பெயர்கள் 'ஸ்டாட்டின்' என்றே முடியும். பொதுவாக ஸ்டாட்டின் என்கிறோம். இதைப் பாதுகாப்பாகச் சாப்பிடுவது எப்படி என்றுதான் இன்று பேசப்போகிறேன்.

ரிப்போர்ட் நார்மல் என்று நிறுத்துகிறவர்களுக்கு முதலில் சொல்கிறேன். அந்த நார்மலைக் கொண்டுவந்ததே மாத்திரைதான். நம் ரத்தத்தில் இருக்கும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை உடம்பே தயாரித்துக்கொள்கிறது. அதில் கல்லீரலுக்குப் பெரிய பங்கு. அதனால்தான் முட்டையைக்கூடத் தொடாத ஒல்லியான மனிதருக்கும் கெட்ட கொழுப்பாகிய எல்.டி.எல். 180 என்று வந்து நிற்கிறது. கொலஸ்ட்ரால் தயாரிக்கத் தேவையான ஒரு நொதியை ஸ்டாட்டின் தடுக்கிறது. கையிருப்பு குறைந்ததும் கல்லீரல் ரத்தத்திலுள்ள எல்.டி.எல்.லை அதிகமாக இழுத்துக்கொள்ளும். மாத்திரையை நிறுத்தினால் அந்த நொதி மறுபடி வேலையைத் தொடங்கிவிடும். சில வாரங்களில் அளவு பழைய இடத்துக்கே ஏறிவிடும். ஏறுவது நமக்குத் தெரியவே தெரியாது. வலி இருக்காது, மயக்கம் வராது. எனக்குப் பயமே அதுதான்.

ஸ்டென்ட் வைத்தவர்கள், பைபாஸ் செய்துகொண்டவர்கள், மாரடைப்போ பக்கவாதமோ வந்து மீண்டவர்கள் இதைக் கூடுதல் கவனத்தோடு கேளுங்கள். ரத்தக்குழாய்ச் சுவரில் படிந்திருக்கும் கொழுப்புப் படிவு திடீரென்று வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைவதால்தான் பெரும்பாலான மாரடைப்புகள் வருகின்றன. ஸ்டாட்டின் அந்தப் படிவு வெடிக்காமல் உறுதிப்பட உதவுகிறது. 1994-இல் ஸ்காண்டிநேவிய நாடுகளில் 4,444 இதய நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வின் முடிவு வெளிவந்தது. சிம்வாஸ்டாட்டின் சாப்பிட்டவர்களிடம் சாவு 30 சதவீதம் குறைந்திருந்தது. நம் தமிழ்நாட்டில் 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், நெஞ்சுவலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறவருக்கு, ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் ஆகியவற்றோடு அட்டோர்வாஸ்டாட்டினையும் உடனே கொடுக்கிறார்கள். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுக் கொடுப்பதில்லை. அந்த நேரத்தில் ஸ்டாட்டினுக்கு அவ்வளவு மதிப்பு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். லேப் ரிப்போர்ட்டில் ஓரமாக அச்சிட்டிருக்கும் நார்மல் எல்லோருக்கும் பொருந்தாது. இந்திய இதயவியல் சங்கம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, சாதாரண மனிதருக்கு எல்.டி.எல். 100-க்குக் கீழே இருந்தால் போதும். அபாயம் அதிகமுள்ளவருக்கு 70-க்குக் கீழ், ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களைப் போன்ற மிக அதிக அபாயமுள்ளவர்களுக்கு 55-க்குக் கீழ் என்று அது சொல்கிறது. ஸ்டென்ட் வைத்தவர் 95-ஐப் பார்த்து நிம்மதியடையக் கூடாது.

சரி, கால் குடைச்சலுக்கு வருவோம். ஸ்டாட்டினை விட்டுவிடுகிறவர்கள் அதிகம் சொல்லும் காரணம் இதுதான். லண்டனில் இம்பீரியல் கல்லூரி மருத்துவர்கள் இதைச் சோதித்துப் பார்த்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. பக்கவிளைவு தாங்காமல் ஸ்டாட்டினை நிறுத்திய 60 பேரைச் சேர்த்துக்கொண்டார்கள். ஒவ்வொருவருக்கும் மாதத்துக்கு ஒன்றாக 12 புட்டிகள். நான்கில் அட்டோர்வாஸ்டாட்டின் 20 மி.கி., நான்கில் மருந்தே இல்லாத வெற்று மாத்திரை, மீதி நான்கும் காலி. மாத்திரை இருந்த புட்டிகளில் எது மருந்து, எது வெற்று என்று சாப்பிடுகிறவருக்குத் தெரியாது. வலியும் அசதியும் எவ்வளவு என்று தினமும் கைபேசியில் மதிப்பெண் போட வேண்டும். ஒன்றும் சாப்பிடாத மாதங்களில் தொந்தரவு குறைவாக இருந்தது. ஸ்டாட்டின் மாதங்களில் கூடியது. வெற்று மாத்திரை மாதங்களிலும் ஏறக்குறைய அதே அளவு கூடியது! ஸ்டாட்டினால் வந்ததாக நினைத்த தொந்தரவில் 90 சதவீதம் வெற்று மாத்திரையிலும் இருந்தது. 2020-இல் வந்த முடிவு இது. தங்கள் மதிப்பெண்களைத் தாங்களே பார்த்தபிறகு பாதிப் பேர் மறுபடி ஸ்டாட்டின் சாப்பிடத் தொடங்கினார்கள்.

இதைக் கேட்டுவிட்டு வீட்டிலுள்ள பெரியவரிடம் "உனக்கு வலியே இல்லை, எல்லாம் நினைப்பு" என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். வலி உண்மையான வலிதான். அதற்குக் காரணம் மூட்டுத் தேய்மானமாக இருக்கலாம், வைட்டமின் டி குறைவாக இருக்கலாம். தைராய்டு குறைபாடு இருந்தால் கொலஸ்ட்ராலும் ஏறும், தசையும் வலிக்கும். ஸ்டாட்டின் சேரும்போது அந்த வலி அதிகமாகவும் செய்யும். அதனால் தைராய்டு பரிசோதனையை நான் விடுவதே இல்லை.

அதேசமயம் ஸ்டாட்டினால் நிஜமாகவே தசை பாதிக்கப்படுகிறவர்களும் உண்டு. பெரும்பாலும் இரண்டு தொடையிலும், இரண்டு கெண்டைக்காலிலும், தோள்களிலும் சேர்ந்தாற்போல் வலிக்கும். மாத்திரை தொடங்கிய அல்லது அளவைக் கூட்டிய சில வாரங்களில் வரும். அப்போது சி.பி.கே. என்ற ரத்தப் பரிசோதனை செய்து பார்ப்போம். அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டாட்டினுக்கு மாற்றலாம், எசெடிமைப் என்ற வேறு வகை மாத்திரையைச் சேர்க்கலாம். வழி நிறைய இருக்கிறது. கடுமையான வலியோடு உட்கார்ந்து எழ முடியாத பலவீனமும் வந்து, சிறுநீர் பால் விடாத டீ நிறத்தில் போனால் மட்டும் காத்திருக்கக் கூடாது. மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் அந்த நிலை மிக மிக அரிது. ஆனாலும் அடையாளம் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த அரிய நிலையும் பல நேரங்களில் வேறு மருந்தோடு சேரும்போதுதான் வருகிறது. மருந்துக்கடையில் கிடைக்கும் அட்டைகளைக் கவனியுங்கள். மேலே பெரிதாகக் கம்பெனிப் பெயர், பின்னால் பொடி எழுத்தில் உண்மையான மருந்தின் பெயர். இதய மருத்துவர் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், ரோசுவாஸ்டாட்டின் மூன்றும் சேர்ந்த ஒரே கேப்சூலைக் கொடுத்திருப்பார். சர்க்கரை மருத்துவர் அது தெரியாமல் அட்டோர்வாஸ்டாட்டினைத் தனியாக எழுதியிருப்பார். நோயாளி இரண்டையும் நம்பிக்கையோடு விழுங்கிக்கொண்டிருப்பார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டோ, பேரப்பிள்ளையை விட்டோ அட்டையின் பின்பக்கத்தைப் படிக்கச் சொல்லுங்கள். 'ஸ்டாட்டின்' என்று முடியும் பெயர் இரண்டு அட்டைகளில் இருந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். அப்புறம், சளி, காய்ச்சலுக்கு எழுதும் கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின், படர்தாமரைக்குக் கடையிலேயே கேட்டு வாங்கும் இட்ராகோனசோல் — இவை அட்டோர்வாஸ்டாட்டினும் சிம்வாஸ்டாட்டினும் உடம்பில் தேங்கும்படி செய்துவிடும். எந்த மருத்துவரிடம் போனாலும் "நான் ஸ்டாட்டின் சாப்பிடுகிறேன்" என்று சொல்லுங்கள். பல நேரம் அந்த மருந்து சாப்பிடும் நாட்களுக்கு மட்டும் ஸ்டாட்டினை நிறுத்திவைக்கச் சொல்வார்கள். கிரேப்ஃப்ரூட் சாறும் அதே வேலையைச் செய்யும். பம்பளிமாஸ் அதற்கு நெருங்கிய உறவு என்பதால் அதையும் நிறையச் சாப்பிட வேண்டாம் என்பேன். ரோசுவாஸ்டாட்டின் சாப்பிடுகிறவர்கள் நெஞ்செரிச்சலுக்கு ஜெல் மருந்து குடித்தால், மாத்திரை போட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். ஆசிய மக்களின் ரத்தத்தில் ரோசுவாஸ்டாட்டினின் அளவு ஏறக்குறைய இரண்டு மடங்கு ஏறுவது தெரியவந்ததால், அமெரிக்காவில் இதன் மருந்துக் குறிப்பே ஆசியர்களுக்கு 5 மி.கி.யில் தொடங்கச் சொல்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் 20 சாப்பிடுகிறாரே என்று நீங்களாகக் கூட்டாதீர்கள். எந்த ஸ்டாட்டினையும் இரட்டிப்பாக்கினால் எல்.டி.எல். மேலும் 6 சதவீதம்தான் குறையும்.

எந்த நேரத்தில் போடுவது? அட்டோர்வாஸ்டாட்டினும் ரோசுவாஸ்டாட்டினும் எந்த நேரமும் சரி. தினமும் ஒரே நேரமாக இருக்கட்டும். சிம்வாஸ்டாட்டின் மட்டும் இரவில். ஒரு நாள் மறந்தால் மறுநாள் சேர்த்து இரண்டாகப் போடக் கூடாது. தொடங்குமுன் கல்லீரல் பரிசோதனை, தொடங்கி ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் கொலஸ்ட்ரால் பரிசோதனை. சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பவருக்கு ஸ்டாட்டின் அதைக் கொஞ்சம் ஏற்றலாம் என்பது உண்மை. இதயத்துக்குக் கிடைக்கும் பலன் அதைவிடப் பெரிது. கர்ப்பம் தரிக்கத் திட்டமிடும் பெண்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தாய்ப்பால் கொடுக்கும்போதும் இது கூடாது. காலையில் பூண்டு சாப்பிடுங்கள், நடைப்பயிற்சி போங்கள், எல்லாம் நல்லதுதான். மாத்திரைக்குப் பதிலாக மட்டும் அவற்றை வைக்காதீர்கள்.

நான் ஏற்கெனவே நிறுத்திவிட்டேனே என்று இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் தயங்க வேண்டாம். மருத்துவர் திட்டுவார் என்று மறைத்தால், அவர் நீங்கள் சாப்பிடுவதாகவே நினைத்து அளவைக் கூட்டிவிடுவார். எப்போது நிறுத்தினீர்கள், என்ன செய்தது, இரண்டையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு இந்த வாரமே போங்கள். ஸ்டென்ட் வைத்தவராக இருந்தால் நாளைக்கே போங்கள்.

நன்றி, வணக்கம்.