ஆங்கிலச் சொல்லைப் பற்றியே எழுதும்போது: மேற்கோள்குறியா, இட்டாலிக்ஸா?

[திரையில் ஒரே ஒரு ஆங்கில வாக்கியம்: இன் திஸ் சென்டென்ஸ் தட் இஸ் எ ப்ரோனவுன்]

இந்த வரியை ஒரு தடவை வாசித்துப் பாருங்கள். 'தட்' என்றதும் நம் மனசு முந்தைய வரிக்குத் திரும்பி, எதைச் சுட்டுகிறார்கள் என்று தேட ஆரம்பித்துவிடும். அங்கே ஒன்றும் கிடைக்காது, ஏனென்றால் முந்தைய வரியே இல்லை.

[திரையில் 'தட்' மட்டும் மெதுவாகச் சாய்கிறது]

இப்போது வாசியுங்கள். ஒரே ஒரு சொல் சாய்ந்ததும், "ஓ, 'தட்' என்கிற சொல்லைப் பற்றித்தான் பேசுகிறார்களா" என்று விளங்கிவிடுகிறது. சொல்லை வைத்து எதையோ சொல்வது வேறு, சொல்லையே எடுத்துக் காட்டிப் பேசுவது வேறு. இரண்டாவதைச் செய்யும்போது வாசகருக்கு ஓர் அடையாளம் காட்டியே ஆக வேண்டும். அது மரியாதைக்காக அல்ல, காட்டாவிட்டால் வாக்கியமே புரியாது.

அமெரிக்கத் தத்துவவாதி குவைன் 1940இல் வந்த தன் தர்க்கவியல் புத்தகத்தில் இதற்குப் பாஸ்டன் நகரத்தை உதாரணமாக எடுத்தார். பாஸ்டனில் ஜனத்தொகை அதிகம் என்றால் ஊரைப் பற்றிய பேச்சு, குறி வேண்டாம். 'பாஸ்டன்' என்பதில் இரண்டு அசை என்றால் ஊர்ப்பெயரைப் பற்றிய பேச்சு, குறி வேண்டும். ஊருக்கு அசை கிடையாது, பெயருக்கு ஜனத்தொகை கிடையாது.

சரி, எந்தக் குறி, மேற்கோள்குறியா, இட்டாலிக்ஸ் என்கிற சாய்வெழுத்தா? இங்கேதான் குழப்பம், ஏனென்றால் ஆங்கிலத்தில் இரண்டுமே வழக்கத்தில் இருக்கிறது. எழுத்துநடை விதிகளைச் சொல்லும் சிகாகோ கையேடு இட்டாலிக்ஸை விரும்புகிறது, மேற்கோளையும் அனுமதிக்கிறது. இலக்கிய மாணவர்கள் பயன்படுத்தும் எம்எல்ஏ முறையும் இட்டாலிக்ஸ்தான். உளவியல்காரர்களின் ஏபிஏ முறை ஆறாம் பதிப்பு வரைக்கும் இட்டாலிக்ஸ் என்று சொல்லிவிட்டு, 2019இல் வந்த ஏழாம் பதிப்பில், மொழி உதாரணமாகக் காட்டும் சொல்லுக்கு மேற்கோள்குறி போடச் சொன்னது. ஆனால் ஒரு கலைச்சொல்லை முதல்முறை விளக்கும்போது அதே ஏபிஏவில் இன்னும் இட்டாலிக்ஸ்தான். செய்தி நிறுவனமான ஏபியின் செய்திகளில் இட்டாலிக்ஸே கிடையாது, எல்லாம் மேற்கோள்தான். ஆகவே கல்லூரிக்கோ இதழுக்கோ எழுதுகிறவர்கள் முதலில் அவர்கள் எந்தக் கையேட்டைப் பின்பற்றுகிறார்கள் என்று கேட்டுவிடுங்கள்.

எனக்குப் பிடித்தது மொழியியல்காரர்கள் கையாளும் முறை. ஒரு வரியைப் பெரிதாக்கிக் காட்டுகிறேன்.

[திரையில் ஓர் ஆங்கில வாக்கியம், பொருள்: ஆங்கிலச் சொல்லான கேட்டமரான், தமிழ்ச் சொல்லான கட்டுமரத்திலிருந்து வந்தது, 'கட்டிய மரம்' என்று பொருள். இரண்டு சொற்களும் சாய்ந்திருக்கின்றன. பொருள் நிமிர்ந்து, ஒற்றை மேற்கோளுக்குள் இருக்கிறது]

சொல்லுக்குச் சாய்வு, அதன் பொருளுக்கு ஒற்றை மேற்கோள். இவ்வளவுதான், ஆனால் எவ்வளவு தெளிவு பாருங்கள்: எது சொல், எது அர்த்தம் என்று விளக்க ஒரு வார்த்தைகூடச் செலவழிக்கவில்லை. மூன்றையுமே மேற்கோளுக்குள் போட்டிருந்தால் வாசகர் தானே பிரித்துப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். இதே சொல், "நேற்று ஒரு கேட்டமரானில் போனோம்" என்கிற ஆங்கில வரியில் வந்தால் எந்தக் குறியும் வேண்டாம், அங்கே அது வெறும் படகு.

அச்சுக்கோ பிடிஎஃப்புக்கோ எழுதுகிறீர்கள், கையேடு ஒன்றும் கட்டாயமில்லை என்றால் இட்டாலிக்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். மேற்கோள்குறிக்கு ஏற்கெனவே வேலை அதிகம். அடுத்தவர் பேச்சு, கவிதை, சிறுகதை, கட்டுரைத் தலைப்பு, எல்லாம் அதற்குள்தான். அது போதாதென்று சந்தேகக் குறியாகவும் அது வரும். ஒரு மீன் கடைப் பலகையில் 'ஃப்ரெஷ்' என்கிற சொல்லை மட்டும் மேற்கோளுக்குள் போட்டால், ஆங்கிலம் வாசித்துப் பழகியவர் அதை "ஃப்ரெஷ்ஷாம்!" என்றுதான் வாசிப்பார். பாவம், கடைக்காரர் அழுத்திச் சொல்லத்தான் போட்டிருப்பார்.

அப்புறம் காற்புள்ளிப் பிரச்சினை. அமெரிக்க வழக்கில் கமாவும் முற்றுப்புள்ளியும் மேற்கோளுக்கு உள்ளே போகும், பிரிட்டிஷ் வழக்கில் சொல்லுக்குச் சொந்தமில்லாத கமா வெளியே நிற்கும். 'அஃபெக்ட்', 'எஃபெக்ட்' இரண்டின் எழுத்துக்கூட்டலை விளக்கும்போது, சொல்லில் இல்லாத ஒரு கமா மேற்கோளுக்குள் போய் ஒட்டிக்கொள்வது எனக்கு ஒப்பவே இல்லை. சாய்த்து எழுதினால் இந்தச் சண்டையே கிடையாது.

[திரையில் 'ஆண்ட்ஸ்': ஆண்ட் சாய்ந்திருக்கிறது, கடைசி எஸ் எழுத்து நிமிர்ந்து நிற்கிறது]

இதையும் கவனியுங்கள். ஒரு வாக்கியத்தில் 'ஆண்ட்' அதிகமாக வந்துவிட்டது என்று பன்மையில் எழுதும்போது, சொல் மட்டும்தான் சாயும். பன்மைக்கான எஸ் நாம் சேர்த்தது, அது நேராகவே நிற்கும். பெரும்பாலானோர் எஸ்ஸையும் சேர்த்துச் சாய்த்துவிடுகிறார்கள். தலைப்பு முழுக்க ஏற்கெனவே சாய்ந்திருந்தால் தலைகீழாகச் செய்யுங்கள், எடுத்துக்காட்டும் சொல்லை நிமிர்த்திவிடுங்கள். இட்டாலிக்ஸ், மேற்கோள், போல்டு மூன்றையும் ஒரே சொல்லின் மேல் ஏற்றுவது மட்டும் வேண்டாம்.

நம்மில் பலர் ஆங்கிலம் எழுதும்போது எல்லாவற்றுக்கும் மேற்கோளையே நாடுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சாய்வெழுத்து லத்தீன் கையெழுத்திலிருந்து பிறந்தது. வெனிஸில் ஆல்டஸ் மனூட்டியஸ் 1501இல் வெர்ஜிலின் கவிதைகளை முழுக்க அந்த எழுத்திலேயே அச்சிட்டார், வார்ப்புக்கு எழுத்து வெட்டித் தந்தவர் ஃபிரான்செஸ்கோ கிரிஃபோ. தமிழ் எழுத்துக்கு அப்படி ஒரு மரபு இல்லை. வேர்டில் தமிழைத் தேர்ந்தெடுத்துக் கண்ட்ரோல்-ஐ அழுத்தினால் பெரும்பாலான எழுத்துருக்களில் அதே எழுத்தைத்தான் கணினி தள்ளிச் சாய்க்கும், பார்க்கவே சகிக்காது. அதனால் தமிழில் ஒற்றை மேற்கோள்தான் சரி, இந்த ஸ்கிரிப்டிலும் அதைத்தான் போட்டிருக்கிறேன். அந்தக் கைப்பழக்கம் ஆங்கிலத்துக்கும் வந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

கையால் எழுதும் தேர்வுத்தாளில் அடிக்கோடு போடுங்கள். தட்டச்சுக் காலத்தில் அச்சுக்கோர்ப்பவருக்கு 'இதைச் சாய்த்து அடி' என்று சொன்னதே அந்த அடிக்கோடுதான். வாட்ஸ்அப்பில் சொல்லின் இருபக்கமும் அண்டர்ஸ்கோர் போட்டால் சாய்ந்துவிடும். மின்னஞ்சலின் தலைப்பு வரியில் இட்டாலிக்ஸ் ஏறாது, அங்கே மேற்கோள்தான் வழி. வேர்டில் எழுதியதை வேறொரு இடத்தில் வெறும் எழுத்தாக ஒட்டும்போதும் சாய்வெல்லாம் சத்தமில்லாமல் காணாமல் போகும், ஆகவே ஒட்டிய பிறகு அந்தச் சொற்களை மட்டுமாவது தேடிப் பார்த்து, காணாமல் போன இடத்திலெல்லாம் மேற்கோளைப் போட்டுவிட்டு அனுப்புங்கள்.