ஊர் மீட்ட கோட்டை

(வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தலைமை தாங்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, பல பணிகளுக்கிடையே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வட்டாட்சியர் அவர்களே, இந்த அரங்கைத் தந்துதவிய தலைமை ஆசிரியை அம்மா அவர்களே, எனக்கு முன் அருமையாகப் பேசிய புலவர் ஐயா அவர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

சாமுராய் என்ற போர்வீரர்கள் காலத்து ஜப்பானியக் கோட்டைகளைப் பற்றி இரண்டு செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன்: அவை எழுந்த விதம், அவற்றுள் ஒன்று பிழைத்த கதை.

1543இல் போர்ச்சுக்கீசியர் வழியே துப்பாக்கி ஜப்பானுக்கு வந்தது. போர்முறை மாறியது, கோட்டையும் மாறியது. 1576இல் ஒடா நொபுனாகா என்ற போர்த்தலைவர் பிவா ஏரிக்கரையில் அசுச்சிக் கோட்டையைத் தொடங்கினார். கல் அடித்தளத்தின்மேல் மரத்தாலான உயர்ந்த மாடம்! அவர் மாண்ட 1582இலேயே அது எரிந்துபோயிற்று. 1615இல் நாட்டை ஆண்ட தொகுகவா அரசு, கோட்டைகளைக் குறைத்துக்கொள்ளும்படி பிரபுக்களுக்கு ஆணையிட்டது.

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள் நம் பெரியவர்கள். எந்த மேடை ஏறினாலும் நான் அதைச் சொல்லாமல் இறங்குவதில்லை. மட்சுமோட்டோ என்ற ஜப்பானிய ஊரில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே ஒரு கோட்டை: வெளியே ஐந்து கூரை, உள்ளே ஆறு தளம், கருப்பு அரக்குப் பூசிய சுவர். பிரபுக்களின் ஆட்சி 1871இல் ஒழிந்தது. மறு ஆண்டே கோட்டை மாடம் ஏலத்துக்கு வந்தது. எதற்கு? இடிப்பதற்கு!

இச்சிகாவா ர்யோசோ என்ற உள்ளூர்க்காரருக்கு மனம் பொறுக்கவில்லை. இடிப்பதைத் தள்ளிவைக்கச் சொல்லி மன்றாடினார். அந்தக் கோட்டைக்குள்ளேயே பொருட்காட்சி நடத்தினார். நேற்றுவரை சாமானியன் எட்டிப்பார்க்க முடியாத இடமல்லவா? சனம் திரண்டது. அந்த வசூலைக்கொண்டே கோட்டையை மீட்டார்கள், ஐயா! பின்னாளில் மாடம் சாயத் தொடங்கியபோது, கொபயாஷி உனாரி என்ற தலைமை ஆசிரியர் நன்கொடை திரட்ட முன்நின்றார். 1903 முதல் 1913 வரை பழுதுபார்த்தார்கள். ஊர் கூடியது, தேர் நகர்ந்தது. இன்று அது ஜப்பானின் தேசியப் பொக்கிஷம்.

இதற்காகத்தான் நான் ஊர் ஊராகப் பேசிவருகிறேன். எந்தப் பழங்கட்டடத்தையும் ஏலம் விடுமுன் ஊரைக் கூட்டிச் சொல்லுங்கள். ஓராண்டு அவகாசம் கொடுங்கள். பூட்டைத் திறந்து மக்களை உள்ளே விடுங்கள். பார்க்காத ஒன்றைக் காப்பாற்ற எவன் வருவான்? ஊர் கூடித் தேர் இழுக்க, முதலில் தேர் எங்கே நிற்கிறது என்று தெரிய வேண்டாமா?

இந்தக் கோரிக்கையை மனுவாக எழுதி வாசலில் வைத்திருக்கிறோம். நகர்மன்றத் தலைவர் அவர்கள் இந்த மேடையிலேயே பெற்றுக்கொள்ள இசைந்திருக்கிறார்கள். கையெழுத்திட்டுவிட்டுச் செல்லுங்கள். நன்றி, வணக்கம்.