நாலு வார்த்தைக்கு முன்னால்

நேயர்களுக்கு வணக்கம்.

வானொலியில் சினிமாப் பாட்டு போட்டால் எழுதியவர் பெயரையும் சொல்கிறார்கள். கதை, கட்டுரைக்கும் பெயர் உண்டு. விளம்பர வாசகத்துக்கு மட்டும் கிடையாது. அது பரவாயில்லை, சரக்கு விற்றால் சரி. ஆனால், "நாலு வார்த்தைதானே, யார் எழுதினால் என்ன?" என்று கேட்பதை இந்தத் தொழிலில் இருக்கும் என்னால் ஒப்புக்கொள்ள முடிவதில்லை. அந்த நாலு வார்த்தைக்கு முன்னால் நடக்கிற வேலை யார் கண்ணிலும் படுவதில்லை.

கிளாட் ஹாப்கின்ஸ் என்று ஓர் அமெரிக்கர். ஷ்லிட்ஸ் என்ற பியர் கம்பெனிக்கு எழுத வந்தார். அப்போது எல்லா பியர் கம்பெனிகளும் "எங்களுடையது சுத்தமானது" என்றுதான் விளம்பரம் செய்துகொண்டிருந்தன. ஒரு பக்கம் போதாமல் இரண்டு பக்கம் வாங்கி, "சுத்தம்" என்பதை இன்னும் பெரிய எழுத்தில் போட்டார்கள். கேட்பாரில்லை. ஹாப்கின்ஸ் பேனாவை எடுக்கவில்லை, ஆலையைப் பார்க்கப் போனார். வடிகட்டிய காற்று நிரம்பிய கண்ணாடி அறையில் பியரைக் குளிர வைக்கிறார்கள். ஒவ்வொரு புட்டியையும் இயந்திரம் நான்கு முறை கழுவுகிறது. தண்ணீர் 4,000 அடி ஆழத்திலிருந்து வருகிறது. "இதையெல்லாம் ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டார். "எல்லா ஆலையிலும் இப்படித்தானே செய்கிறார்கள்" என்றார்கள். எல்லாரும் செய்கிறார்கள், ஆனால் யாரும் சொல்லவில்லை! அதையே அவர் எழுதினார். ஐந்தாம் இடத்திலிருந்த ஷ்லிட்ஸ் சில மாதங்களில் முதலிடத்துக்குச் சமமாக வந்துவிட்டது என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். விளம்பரக்காரர் தன்னைப் பற்றிச் சொல்வதைக் கொஞ்சம் கழித்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் அவர் கேட்ட கேள்வி சரியான கேள்வி. தினமும் பார்த்துப் பழகியவர்களுக்கு அது செய்தியாகவே தோன்றியிருக்காது.

1958-இல் டேவிட் ஓகில்வி என்ற இன்னொரு விளம்பரக்காரர் ரோல்ஸ்-ராய்ஸ் காருக்கு எழுதிய தலைப்பும் இப்படி வந்ததுதான். மணிக்கு 60 மைல் வேகத்தில் போகும்போது இந்தக் காரில் கேட்கும் மிகப் பெரிய சத்தமே மின் கடிகாரத்தின் சத்தம்தான் என்பது அதன் பொருள். காரைப் பற்றி மூன்று வாரம் படித்தபிறகு எழுதியது என்பார் ஓகில்வி. அந்த வரியும் அவர் கற்பனை இல்லை. ஒரு மோட்டார் பத்திரிகையின் தொழில்நுட்ப ஆசிரியர் சொன்னது, விளம்பரத்திலேயே அப்படித்தான் போட்டிருந்தார்கள். "சத்தமே வராத கார்" என்று எழுதியிருந்தால் படிப்பவர் பக்கத்தைப் புரட்டியிருப்பார். கடிகாரத்தைச் சொன்னதும் நம்பத் தோன்றுகிறது.

வானொலி விளம்பரம் இன்னும் கறாரானது. 30 விநாடி என்றால் 30 விநாடிதான். எழுதியதை வாய்விட்டுப் படித்துப் பார்க்க வேண்டும். மூச்சு முட்டினால் வெட்ட வேண்டும். பெரும்பாலும் வெட்டுப்படுவது எழுதியவருக்கு ரொம்பப் பிடித்த வரியாகத்தான் இருக்கும்.

அப்புறம், பிடித்தது பிடிக்காதது என்பதற்கே இடமில்லாத ஒரு சோதனை இருந்தது. தபால் மூலம் விற்ற காலத்தில் ஒரே சரக்குக்கு இரண்டு தலைப்பு எழுதுவார்கள். இரண்டு விளம்பரத்திலும் வெட்டி அனுப்ப ஒரு கூப்பன் இருக்கும், ஆனால் அதில் அச்சிட்ட குறியீடு வேறு வேறு. வந்து சேரும் கூப்பன்களை எண்ணினால் எது ஜெயித்தது என்று தெரிந்துவிடும். இன்று இணையத்தில் அதையே ஒரே நாளில் செய்துவிடுகிறார்கள். எழுதியவர் உயர்வாக நினைத்த வரி தோற்றுப்போவதும் உண்டு. அப்போது அவர் வாதாடிப் பயனில்லை. ஜெயித்த தலைப்பை எடுத்து வைத்துக்கொண்டு, அதைத் தோற்கடிக்க இன்னொன்று எழுத உட்காருவார்.

நன்றி, வணக்கம்.